தட்டிப் பார்த்து வாங்குவோம்



சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் எடுத்துக்கொள்வார்கள். மந்தமாக ஒலித்தால் ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிடுவார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், அரிசியை வாயிலிட்டு மென்று பார்ப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஐம்புலன்களையும் சாட்சியாக வைத்துப் பொருள் வாங்கிப் பழகியவர்கள் நாம்.

கணினியை இயக்குகின்ற மென்பொருளுக்கு இந்தச் சோதனைகளுள் எதுவும் பொருந்துவதில்லை. அதற்கு எடை இல்லை, நிறம் இல்லை, தட்டினால் ஒலி எழுவதில்லை. விற்பவர் இயக்கிக் காட்டும்போது அது மிக அழகாகவே நடக்கும். குறை தெரிவதற்கு ஆறு திங்களோ ஓராண்டோ ஆகும். அதற்குள் நம்முடைய கணக்கு, கடிதம், மதிப்பெண் யாவும் அதனுள்ளே போய்ச் சேர்ந்திருக்கும். வெறும் பானை உடைந்தால் பானை மட்டும் போகும். மென்பொருள் கெட்டாலோ பானையோடு சோறும் போய்விடும்.

இத்தகைய பொருளை மக்கள் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்துகொள்வதற்கென்றே சில இணையத்தளங்கள் தோன்றியிருக்கின்றன. சிறிய அளவில் அத்தகைய தளம் ஒன்றைத் தொடங்கும் முயற்சியில் நானும் பங்குகொண்டேன். அதில் கற்றதையும் இடறியதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் சிலர் நாளை இத்தகைய தளங்களைத் தொடங்கக்கூடும். மற்ற எல்லோரும் அவற்றைப் பார்த்துப் பொருள் வாங்கக்கூடும். இரு சாராருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு 2008ஆம் ஆண்டில் ஒரு விற்பனையாளர் வந்தார். மாணவர் வருகை, கட்டணம், மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் மென்பொருள் ஒன்றைக் காட்டினார். ஒரு பொத்தானை அழுத்தினார். தரவரிசைப் பட்டியல் வந்து விழுந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து கையால் எழுதும் பட்டியல் அது. எனக்கு வியப்புத் தாங்கவில்லை. வேறு எதையும் பார்க்காமல், வேறு எவரையும் கேட்காமல், கையெழுத்திட்டுவிட்டேன்.

முதலாண்டு நன்றாகவே சென்றது. மூன்றாம் ஆண்டில் ஆண்டுச் சந்தாவை மும்மடங்காக உயர்த்தினார்கள். எங்களால் கட்ட இயலவில்லை. ‘சரி, எங்கள் மதிப்பெண் பதிவுகளைத் திருப்பித் தாருங்கள், நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்கிறோம்’ என்றேன். பதிவுகளை வெளியே எடுப்பதற்கு அதில் வழியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போவதற்கு வாயில் வைத்தவர்கள் வெளியே வருவதற்கு வாயில் வைக்கவில்லை. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் ஆசிரியர்கள் ஆறு பேர் பழைய தாள்களைத் தேடியெடுத்து, வியர்வை வழிய உட்கார்ந்து, எல்லா மதிப்பெண்களையும் மறுபடியும் பதிந்தார்கள். அவர்களுள் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். ஒரு நாள் கூடக் கடைப்பிடிக்கவில்லை என்பதை அந்தக் கோடையில் உணர்ந்தேன்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது என்ன நேரும்? இதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது பழைய மோட்டார் வண்டிச் சந்தை. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது; அவர் சந்தையை விட்டு விலகுவார். நல்லவை விலக விலக, ஓட்டை வண்டிகளே எஞ்சும். இந்த ஆராய்ச்சித் துறையில் செய்த பணிக்காக 2001இல் அவருக்கும் வேறிரு அறிஞர்களுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஒப்பிட்டுக் காட்டும் தளம் வாங்குபவரை மட்டும் காப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். நல்ல பொருளை நேர்மையாகச் செய்பவனும் அதனால் காக்கப்படுகிறான்.

இந்தப் பணி கணினியோடு பிறந்ததன்று. 1927இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் சேஸ், ஷ்லிங்க் என்னும் இருவர், மக்கள் கொடுக்கும் காசுக்கு ஏற்ற பொருள் கிடைக்கிறதா என்று கேட்டு ஒரு நூல் எழுதினார்கள். அந்நூல் எழுப்பிய கேள்வியிலிருந்து பொருள்களைச் சோதிக்கும் அமைப்புகள் பிறந்தன. 1936இல் தோன்றிய நுகர்வோர் சங்கம் தன் இதழின் முதல் வெளியீட்டில் பால், சோப்பு, காலுறை போன்ற அன்றாடப் பொருள்களைச் சோதித்து எழுதியது. ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ என்று இன்று உலகம் அறிந்த இதழ் அதுவே. அவர்கள் தமக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். உற்பத்தியாளர் தரும் இலவச மாதிரியை வாங்கமாட்டார்கள். இதழில் பொருள் விளம்பரம் வெளியிடமாட்டார்கள். இங்கிலாந்தில் 1957இல் மைக்கேல் யங் என்பவரின் முயற்சியால் ‘விச்’ என்னும் இதழ் தோன்றியது. கிழக்கு இலண்டனில் ஒரு வண்டிக் கொட்டகையே அதன் அலுவலகம். மின்கெண்டி, வெயில் கண்ணாடி, ஆஸ்பிரின் மாத்திரை ஆகியவை அதன் முதல் இதழில் சோதிக்கப்பட்ட பொருள்களுள் சில. இவ்விரண்டு இதழ்களையும் தாங்கி நின்றவர்கள் அவற்றைப் படித்த மக்களே. படிப்பவரிடமிருந்து காசு வந்தமையால், படிப்பவருக்காக எழுத முடிந்தது.

மென்பொருளுக்கு வருவோம். 1999இல் அமெரிக்காவில் ‘காப்டெர்ரா’ என்னும் தளத்தை மைக்கேல் ஆர்ட்னர் என்பவர் தொடங்கினார். தொழில் நிறுவனங்களுக்கு வேண்டிய மென்பொருள்களை வகைப்படுத்திக் காட்டுவது அதன் வேலை. மருத்துவமனைக்கு எது, பள்ளிக்கு எது, பண்டகசாலைக்கு எது என்று தேடிப் பார்க்கலாம். 2015இல் ‘கார்ட்னர்’ என்னும் பெரிய ஆராய்ச்சி நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2009இல் சுவீடன் நாட்டு இளைஞர் இருவர் ‘ஆல்டர்னேட்டிவ் டூ’ என்னும் தளத்தைத் தொடங்கினர். அதன் முறை எளிது. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரைச் சொன்னால், அதற்கு மாற்றாக எவை எவை உண்டு என்று காட்டும். மாற்றுகளைச் சேர்ப்பவர்களும் வரிசைப்படுத்துபவர்களும் பயன்படுத்தும் மக்களே. 2012இல் சிகாகோ நகர வட்டாரத்தில் தோன்றிய ‘ஜி2’ என்னும் தளம், பயன்படுத்துவோர் எழுதும் மதிப்புரைகளைத் திரட்டி, எழுதுபவர் யார் என்று சரிபார்க்கும் முறையைக் கையாண்டது.

இவற்றால் உலகுக்கு நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். பால், சோப்புச் சோதித்த பழைய இதழ்களுக்குப் படிப்பவர் காசு கொடுத்தார். மென்பொருளை ஒப்பிடும் தளங்களுட் பல, படிப்பவரிடம் காசு கேட்பதில்லை, விற்பவரிடம் பெறுகின்றன. நீங்கள் ஒரு பெயரின்மீது சொடுக்கி விற்பவரின் கடைக்குச் சென்றால், அந்த ஒரு சொடுக்குக்கு விற்பவர் இவ்வளவு பணம் என்று தளத்துக்குத் தருவார். இது குற்றமன்று; மறைக்காமல் சொன்னால் நாணயமான வாணிகமே. ஆனால் கூடுதல் பணம் தந்தவர் பட்டியலில் மேலே ஏறுகிறாரா, தகுதி உடையவர் மேலே ஏறுகிறாரா என்ற கேள்வி அங்கே பிறந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. மாணவர் கடன்களை ஒப்பிட்டுக் காட்டிய ‘லெண்ட்எடு’ என்னும் அமெரிக்கத் தளத்தின்மீது அந்நாட்டு வாணிப ஆணையம் 2020இல் ஒரு குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டே, பணம் தந்த நிறுவனங்களுக்கு வரிசையில் உயர்ந்த இடம் தந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வழக்கு 3,50,000 டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது. கல்லூரிக் கட்டணம் கட்டக் கடன் தேடி வருபவன் யார்? உங்கள் வயதினன். அவனுக்குக் காட்டப்பட்ட பட்டியலைப் பற்றி எழுந்த வழக்கு இது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றபின், 2018ஆம் ஆண்டில், என் பழைய மாணவர் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கணினி நிறுவனத்தில் பணி செய்பவர், ஒருவர் கணக்காளர், ஒருவர் பள்ளி ஆசிரியை. சிறு பள்ளிகள், சிறு கடைகள், ஊர் நூலகங்கள் ஆகியவற்றுக்கு ஏற்ற மென்பொருள்களைத் தமிழில் ஒப்பிட்டுச் சொல்லும் தளம் ஒன்று தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். ‘ஐயா, பெரிய நிறுவனங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நம் ஊர் மளிகைக் கடைக்காரருக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? எந்தெந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதித் தாருங்கள்’ என்றார்கள். கோடை விடுமுறையில் ஆறு ஆசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். அந்தக் கேள்விகள் உங்களுக்கும் உதவும்.

முதற்கேள்வி: என் வேலை என்ன? இது மென்பொருளைப் பற்றிய கேள்வியன்று, நம்மைப் பற்றியது. கடைக்குப் போகுமுன் வேண்டிய சாமான்களைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறவர், தேவையில்லாததை வாங்கி வருவதில்லை. எத்தனை வசதிகள் இருக்கின்றன என்று எண்ணாமல், நமக்கு வேண்டிய ஐந்து வேலைகளைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது: ஐந்தாண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு? விலை என்பது முதல் நாள் கொடுப்பது மட்டுமன்று. ஆண்டுச் சந்தா, பயிற்சி, பழுது பார்த்தல், புதுக் கணினி எல்லாம் சேர்ந்ததே விலை. இலவசம் என்பதையும் இப்படியே கணக்கிட வேண்டும். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்னும் வட்டார நூலகத்தார் 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் தங்கள் பழைய மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. விற்பனைக்கு இருந்தவை தமக்குப் பொருந்தாமற்போகவே, ‘கோஹா’ என்னும் நூலக மென்பொருளைத் தாமே செய்வித்து, அதை எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருள். இன்று உலகின் பல நாட்டு நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதை நிறுவித் தரவும் பேணவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊருக்கு இலவசமும் விலையுயர்ந்ததே.

மூன்றாவது: தமிழ்ப் பெயரை மதிக்கிறதா? பல மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கேட்டு, அதை நிரப்பாவிட்டால் மேலே செல்ல விடுவதில்லை. நம் பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரை அங்கே இட்டால், பட்டியலில் பிள்ளை தந்தையின் பெயரால் நிற்கிறான். அகர வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. கணினியின் எழுத்துக் குறியீட்டு வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். ஆகவே, தமிழ் வரிசையைத் தனியே கற்பிக்காத மென்பொருள், கனிமொழியை முன்னே வைத்துக் கபிலனைப் பின்னே தள்ளும். அகராதிப்படி கபிலன் அன்றோ முன்னே நிற்க வேண்டும்? வருகைப் பதிவேட்டை நாள்தோறும் படிக்கும் ஆசிரியருக்கு இது சிறிய குறையன்று.

நான்காவது: பிள்ளைகளின் விவரங்கள் எங்கே போகின்றன? பிறந்த நாள், முகவரி, தந்தையின் வருமானம் யாவும் பள்ளிப் பதிவில் உண்டு. அவை எவர் கையில் இருக்கின்றன, எவருக்குத் தரப்படுகின்றன என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று வகுத்திருக்கிறது.

ஐந்தாவது, நான் கோடையில் கற்ற கேள்வி: வெளியே வர வாயில் உண்டா? நம் பதிவுகளை வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா? தமிழ்த் தட்டச்சில் ஒரு தலைமுறையே இந்தக் கேள்வியைக் கேட்காமல் துன்புற்றது. ஓர் எழுத்துருவில் அடித்த கடிதம் வேறொரு கணினியில் வேற்றுக் கிரக எழுத்தாகத் தெரிந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீடு வைத்திருந்ததே காரணம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் ‘தமிழ் 99’ என்னும் பொது விசைப்பலகை வந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைப் பொதுக் குறியீடாக ஏற்றது. அதன்பின் எழுதும் மென்பொருளை நாம் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். எழுதியது நம்மோடு வரும்.

தளம் தொடங்கிய நாளில் பதினான்கு மென்பொருள்களைப் பற்றியே எழுதியிருந்தோம். ஒவ்வொன்றையும் எவர் சோதித்தார், எத்தனை நாள் சோதித்தார், எந்தக் கணினியில் சோதித்தார் என்று கீழே குறித்தோம். மூன்று திங்கள் சென்றபின் ஒரு விற்பனையாளர் எழுதினார். திங்கள்தோறும் ஒரு தொகை தருவதாகவும், தம் பொருளை முதல் வரிசையில் வைத்தால் போதும் என்றும் கேட்டார். அது சிறு தொகையன்று. தளத்தின் ஆண்டுச் செலவை இரண்டே திங்களில் அடைத்துவிடும். நாங்கள் நால்வரும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். கணக்காளர் சொன்னார்: ‘ஐயா, அவருடைய பொருள் உண்மையிலேயே நல்ல பொருள்தான். நாமே கூட முதலில் வைக்கலாம்.’ ஆசிரியை கேட்டார்: ‘அடுத்த ஆண்டு அது கெட்டுப்போனால் கீழே இறக்க நமக்குக் கை வருமா?’ அதற்குமேல் பேச்சு எழவில்லை. பட்டியலில் உள்ள எவரிடமும் பணம் வாங்குவதில்லை என்று முதற்பக்கத்திலேயே எழுதிவைத்தோம். செலவை நால்வரும் பங்கிட்டுக்கொள்கிறோம். படிப்பவர் சிலர் சிறு தொகை அனுப்புகிறார்கள். அதனால் தளம் இன்னும் சிறியதாகவே இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. பணத்துக்கு விலைபோகாதவன் பாசத்துக்கு விலைபோனேன்.

2021இல் என் பழைய மாணவன் ஒருவன், பள்ளிகளுக்குப் பாடவேளை அட்டவணை வகுக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்தான். வறுமையில் படித்து முன்னுக்கு வந்தவன். அவன் கட்டணத்துக்காக நான் நான்கு பேரிடம் கை நீட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தன் கணினியிலேயே அரை மணி நேரம் இயக்கிக் காட்டினான். என் கண்களில் நீர் வந்தது. ‘ஐயா, நீங்கள் நான்கு வரி எழுதினால் போதும்’ என்றான். எழுதினேன். ஐந்து நட்சத்திரங்களும் இட்டேன். எத்தனை நாள் சோதித்தேன் என்ற இடத்தில் ‘ஒரு மாதம்’ என்று எழுதிவிட்டேன்.

சில திங்கள் கழித்து ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியை என்னைத் தேடி வந்தார். அவர் பள்ளியில் ஆசிரியர் குறைவு. இரண்டு வகுப்புகளை ஒருவரே ஒரே அறையில் நடத்துவார். அந்த மென்பொருளுக்கு அது புரியவில்லை. ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் நிறுத்தியது. அல்லது ஒரு வகுப்புக்கு ஆசிரியரே இல்லை என்றது. ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். பள்ளிப் பணமன்று, சொந்தப் பணம். கோபமாகப் பேசவில்லை. ‘நீங்கள் ஒரு மாதம் பயன்படுத்தியதாக எழுதியிருந்தீர்கள், ஐயா. சிறு பள்ளிகளை அறிந்தவர் சொல்கிறாரே என்றுதான் வாங்கினேன்’ என்று மட்டும் சொன்னார்.

நான் பணத்தைத் தருவதாகச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. ‘எனக்கு வேண்டாம், ஐயா. அடுத்து வாங்குபவருக்குத் தெரியும்படி எழுதிவிடுங்கள்’ என்றார்.

அன்றே எழுதினேன். பழைய வரிகளை அழிக்கவில்லை, அவற்றின் கீழேயே, ‘இதை நான் சோதிக்கவில்லை, செய்தவர் என் மாணவர், அரை மணி நேரம் பார்த்ததையே ஒரு மாதம் என்று எழுதினேன், இரண்டு வகுப்பை ஒருவர் நடத்தும் பள்ளிக்கு இது பொருந்தாது’ என்று என் பெயரிட்டு எழுதினேன். என் மாணவனுக்கு அது பெரிய அடி. பொங்கல்தோறும் தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் அதன்பின் வரவில்லை. அவன்மீது எனக்கு வருத்தமில்லை. அவன் மென்பொருளில் இருந்தது திருத்தக்கூடிய குறை. அதை முதல் நாளே ஆசிரியன் என்ற முறையில் நான் சுட்டிக்காட்டியிருந்தால் அவனும் திருத்தியிருப்பான். அந்த அம்மையாரின் ஆறாயிரமும் போயிராது. புகழ்ந்து எழுதி இருவரையும் கெடுத்தேன்.

நண்பர்களே, நான் செய்தது ஒருவன் செய்த பிழை. இதையே கூலிக்குச் செய்பவர்களும் உண்டு. காசு கொடுத்துப் புகழுரை எழுதுவிப்பவர்களும் உண்டு. அதனால்தான் அரசுகள் தலையிட வேண்டியிருந்தது. நம் நாட்டு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. அமெரிக்க வாணிப ஆணையத்தின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பொய் மதிப்புரைகளை விற்பதும் வாங்குவதும், ஒரு நிறுவனம் தன் கையிலுள்ள தளத்தையே நடுநிலைத் தளம் என்று சொல்லிக்கொள்வதும் அவ்விதியால் தடுக்கப்பட்டன.

ஆயினும் சட்டம் வாசலில் நிற்கும் காவலன் மட்டுமே. உள்ளே வந்தபின் நம் அறிவே நமக்குத் துணை. நான் கணக்கு ஆசிரியன். ஆதலால் நட்சத்திரக் கணக்கைப் பற்றி ஒரு சொல். பத்துப் பேர் ஒரு மென்பொருளுக்கு மும்மூன்று நட்சத்திரம் இட்டால் சராசரி மூன்று. இன்னொன்றுக்கு ஐந்து பேர் ஐந்தும், ஐந்து பேர் ஒன்றும் இட்டாலும் சராசரி மூன்றே. முன்னது எல்லோருக்கும் நடுத்தரமான பொருள். பின்னது சிலருக்கு மிக நல்லது, சிலருக்கு ஆகாதது. நீங்கள் எந்தச் சிலருள் ஒருவர் என்பதைச் சராசரி சொல்லாது. எழுதியவர்களின் வரிகளே சொல்லும். இரண்டே பேர் எழுதிப் பெற்ற ஐந்தைவிட, இருநூறு பேர் எழுதிப் பெற்ற நாலரை நம்பத்தக்கது. மேலும், மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே பெரும்பாலும் எழுத உட்காருகிறார்கள். அமைதியாகப் பயன்படுத்தி வருபவர் எழுதுவதில்லை. ஆகவே புகழுரையைவிட, ‘இதற்கு உதவியது, இதற்கு உதவவில்லை’ என்று இரண்டையும் எழுதுபவரைத் தேடிப் படியுங்கள்.

உங்களுள் எவரேனும் இத்தகைய தளம் ஒன்றைத் தொடங்கினால், மூன்றை முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: யாரிடமிருந்து பணம் பெறுகிறீர்கள், எதை, எத்தனை நாள், எவர் சோதித்தார், தவறிவிட்டால் எங்கே திருத்தி எழுதுவீர்கள். இம்மூன்றும் இல்லாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விற்பவரே தட்டிக் காட்டும் பானையைப் போன்றது. நீங்கள் தளம் தொடங்காவிட்டாலும், ஒரு பொருளைப் பற்றி நான்கு வரி எழுதும் நாள் உங்களுக்கு வரும். பயன்படுத்திய நாட்களை எண்ணி எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு சிற்றூரில், உங்களுக்குத் தெரியாத ஒருவர், தம் சொந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிகளைப் படிப்பார்.

அந்தத் தலைமையாசிரியை இப்போது எங்கள் தளத்துக்காகச் சோதித்து எழுதுகிறார். சிறு பள்ளிக்குப் பொருந்துமா என்பதை அவரே பார்த்துச் சொல்கிறார். ஒரு மாதம் என்று அவர் எழுதினால், அது முப்பது நாள்.